வாய்விட்டுப் படிக்க ஒரு படப் புத்தகம்: டர்பன் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து, வாசலில் செருப்பு தேடும் நேரத்தில் யாராவது ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார். "அக்கா, இவளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?" கையில் கார் சாவி இருக்கும், பிள்ளை பாவாடையை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் நான் சொல்லும் பதில் எப்போதும் பாதியில் நின்றுவிடும். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவர் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து சேர்ந்ததில் தொடங்கி, 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் கரும்புத் தோட்டங்களுக்காக, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதியில் வந்து இறங்கினார்கள். அவர்களோடு வந்த தமிழ் இன்று என் மாமியார் வாயில் பேச்சாக இருக்கிறது. என் கணவரிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு இருக்கிறது. என் மகள் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இப்படி ஒரே கூரைக்குக் கீழே மூன்று விதமான தமிழ் இருக்கும் வீட்டுக்கு எந்தப் புத்தகம் சரிப்படும்? இதில் நான் நிறையத் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இரண்டு வயதானபோது இணையத்தில் ஒரு கடையில் தமிழ்க் கதைப் புத்தகக் கட்டு ஒன்றை வரவழைத்தேன். அட்டையில் அழகான மயில். உள்ளே பார்த்தால் பக்கம் முழுக்கப் பொடி எழுத்து, ஓரத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படம், ஒவ்வொரு கதையின் அடியிலும் கட்டம் கட்டி 'நீதி'. மகள் அந்தக் கட்டை ஸ்டூலாக்கி அதன் மேல் ஏறி அலமாரியில் இருந்த பிஸ்கெட் டப்பாவை எடுத்தாள். அந்தப் புத்தகத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அட்டையைப் பார்த்து வாங்கியதுதான் அங்கே நடந்த பிழை. சத்தம் போட்டுப் படிக்கப்போகும் புத்தகத்தை வாயால்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்து கிளைத்தவை.

யார் படிக்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிள்ளைக்கு என்ன வயது என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வீட்டில் புத்தகத்தைக் கையில் எடுக்கப்போவது யார்? எழுத்து தெரிந்த அம்மாவா, எழுத்துக்கூட்டும் அப்பாவா, எழுத்தே தெரியாத ஆயாவா? (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் வேலைக்கார அம்மா என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

என் மாமியார் படித்த பள்ளியில் எல்லாம் ஆங்கிலம்தான். தமிழ் எழுத்து அவருக்கு வராது. அதனால் கதைப் புத்தகம் என்றாலே, "நீ படிச்சிக் காட்டு, எனக்கு ஏது" என்று ஒதுங்கிவிடுவார். ஒருநாள் நூலகத்திலிருந்து எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தேன். முழுக் கதையும் படங்களிலேயே நடக்கும் வகை. அதை எதுவும் சொல்லாமல் அவர் மடியில் வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் குரல் கேட்டது. "பாரு கண்ணு, இந்தக் குரங்கு என்னா பண்ணுது? நம்ம வூட்டு ஜன்னல்ல வந்து வாழைப்பழத்தைத் தூக்கிட்டுப் போச்சே, அந்தத் திருட்டுப் பய மாதிரி!" அரை மணி நேரம் போயும் கதை முடியவில்லை. நடுவில் கரும்புத் தோட்டம் வந்தது, அவருடைய அப்பா வந்தார், கூழ் ஊற்றும் திருவிழா வந்தது. என் மகள் அதுவரை கேட்டிராத சொற்கள் அந்த அரை மணியில் எத்தனை! எனக்கே சில புதிது.

ஆக, தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால், தேட வேண்டியது எழுத்தில்லாப் படப் புத்தகம். எந்த மொழிக் கடையில் வாங்கினாலும் அது தமிழ்ப் புத்தகமாகிவிடும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அழகான இயற்கைக் காட்சி மட்டும் இருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே பேச்சு தீர்ந்துவிடும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் அப்பாவுக்கு வேறு வகை. ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதை வேண்டும். என் கணவர் விரலை வைத்து நிதானமாகப் படிப்பார். நான்காம் நாள் அவர் விரல் அந்த வரியைத் தொடுவதற்குள் மகள் சொல்லி முடித்துவிடுவாள். அவருக்கு அதில் வெட்கம் இல்லை, அவளுக்கோ பெருமை தாங்காது. இருவருக்கும் ஒரே சமயத்தில் தமிழ் பழகுகிறது.

எழுத்து நன்றாகத் தெரிந்தவருக்கு எந்தப் புத்தகமும் சரி என்று நினைப்போம். உண்மையில் அவருக்குத்தான் ஆபத்து அதிகம், நீளமான புத்தகமாக வாங்கிவிடுவார்.

வயது விஷயம்

இதில் அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. கறுப்பும் வெள்ளையுமாகப் பளிச்சென்ற உருவங்கள், பெரிய முகங்கள் போதும். ஆறேழு மாதத்தில் புத்தகம் நேராக வாய்க்குப் போகும். எனவே கெட்டி அட்டையில் செய்த புத்தகம்தான் நிற்கும். ஒன்றரை வயதில் பெயர் சொல்லும் ஆசை வரும், பக்கத்துக்கு ஒரு பொருள் இருக்கிற புத்தகம் அப்போது ஓடும். மடிப்பைத் திறந்தால் உள்ளே பூனை இருக்கிற வகையும் பிடிக்கும். ஆனால் ஒரு வாரத்தில் மடிப்பு கையோடு வந்துவிடும், சொல்லிவிட்டேன்.

இரண்டிலிருந்து மூன்று வரை பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகள் போதும். மூன்றைத் தாண்டினால் உண்மையான கதை வேண்டும். யாருக்கோ ஏதோ தொலைந்தது, யாரோ எதற்கோ பயந்தார்கள், அப்புறம் என்ன ஆயிற்று? ஆறு வயதில் பிள்ளை தானே படிக்க ஆரம்பித்துவிட்டது என்று நீங்கள் நிறுத்திவிடாதீர்கள். அந்த வயதில் அதன் காது புரிந்துகொள்ளும் கதை, அதன் கண் படிக்கக்கூடிய கதையைவிட மிகப் பெரியது.

கடையில் நின்றபடியே செய்யும் சோதனை

புத்தகத்தை நடுவில் திறங்கள். மூன்று பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். முணுமுணுத்தால் போதாது, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கிற மாதிரி. வெட்கமாக இருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

எங்கே நாக்கு தடுக்குகிறது என்று பாருங்கள். 'குட்டி யானை தன் தாயால் அணைக்கப்பட்டது' என்று இருந்தால் அதை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். எந்தத் தாயும் தன் பிள்ளையிடம் 'நீ என்னால் அணைக்கப்பட்டாய்' என்று சொன்னதில்லை. 'அவனிடம் ஒரு பெரிய சிரிப்பு இருந்தது' என்பதும் அதே ரகம். வேறு மொழியிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த புத்தகங்களில் இது நிறைய உண்டு. மொழிபெயர்ப்பு கெட்டது என்று சொல்ல வரவில்லை, மிக நல்லவையும் இருக்கின்றன. காதில் விழுந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து, ஓசை இருக்கிறதா? சளக் சளக் என்று தண்ணீரில் நடப்பது, குடுகுடுவென்று ஓடுவது, தொபுக்கடீர் என்று விழுவது. இந்த விஷயத்தில் தமிழ் பெரிய பணக்கார மொழி. வகுப்பில் தமிழே தெரியாத நான்கு வயதுப் பையன் முதலில் கற்றுக்கொண்ட சொல் 'தொபுக்கடீர்'. இரண்டு வாரம் எல்லாவற்றையும் கீழே தள்ளி அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அம்மாவுக்கு என்மேல் இன்னும் கோபம்.

இப்போது கையால் எழுத்தை மூடிக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை ஏறக்குறையப் புரிகிறதா? பிள்ளை செய்யப்போவது இதைத்தான். நாம் படிக்கும்போது நான்கைந்து வயதுப் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கனடாவில் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில், எழுத்தின் பக்கம் அவர்கள் பார்வை மிக அரிதாகவே போயிருந்தது. ஏறக்குறைய முழுநேரமும் படத்தில்தான். எனவே சொல்லும் படமும் ஒன்றையே திரும்பச் சொல்கிற புத்தகத்தைவிட, சொல்லில் இல்லாத ஏதோ ஒன்று படத்தில் இருக்கிற புத்தகம் மேல். நாம் 'வீட்டில் யாரும் இல்லை' என்று படிக்கிறோம், படத்தில் கட்டிலுக்கடியில் ஒரு வால் தெரிகிறது. பிள்ளை துள்ளிவிடும். உங்களுக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்துவிட்டது அல்லவா?

பக்கம் திருப்பும் இடத்தையும் கவனியுங்கள். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் வரும். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும் கணக்கில் அமைந்தது அது. கைதேர்ந்தவர்கள் அந்தச் சின்ன இடத்துக்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கேள்வியைத் தொங்கவிடுவார்கள். வலப்பக்கத்தின் கடைசி வரி 'கதவைத் திறந்தால்…' என்று முடிய வேண்டும். பதிலும் அதே பக்கத்தில் இருந்தால் சுவாரசியம் பாதி போய்விடும்.

கடைசிப் பக்கத்தைத் திறந்து 'நீதி' என்று தனியாக ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என் மகள் ஒருமுறை கேட்டாள், "நீதி யாரும்மா? கதையில வரவே இல்லையே?" கதைக்குள் வராத ஆளை நான் படிப்பதில்லை, விட்டுவிடுகிறேன். இதை ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் இருக்கிறார்கள், எங்கள் கோயிலிலேயே இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட நான் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் கறுப்பு, மாநிறம் என்று பல நிறத்தில் இருக்கிறார்கள். புத்தகத்தில் மட்டும் எல்லாரும் ரோஜாப்பூ நிறமாக இருந்தால் பிள்ளை அதைக் கவனிக்காது என்று நினைக்க வேண்டாம். அம்மா எல்லாப் பக்கத்திலும் கரண்டியோடு நிற்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சில் உள்ளபடி படிப்பதா, பேசுகிறபடி படிப்பதா?

இந்தச் சிக்கல் ஆங்கிலப் புத்தகத்தில் கிடையாது, நமக்கு மட்டும் பெரிதாக உண்டு. அச்சில் 'பூனை மெதுவாகப் படியேறிக்கொண்டிருந்தது' என்று இருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'பூனை மெதுவா படியேறிக்கிட்டு இருந்துச்சு' என்போம். எதைச் சொல்வது?

தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்கு இரண்டும் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அது தானே பிரித்துக்கொள்ளும். இங்கே அப்படி இல்லை. நம் பிள்ளைக்குத் தமிழ் கேட்கும் நேரமே நாளில் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் அந்நியமாக்கிவிடக் கூடாது. நான் வைத்திருக்கும் வழக்கம் இது. மூன்று வயது வரை முழுக்கப் பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிடுவேன், அச்சைப் பற்றிக் கவலையே இல்லை. மூன்றரை, நான்கில் கதை சொல்லும் வரிகளை அச்சில் உள்ளபடி படிப்பேன். நரியும் முயலும் பேசுவதை மட்டும் பேச்சுத் தமிழில் மாற்றிக்கொள்வேன். 'நீ எங்கே செல்கிறாய்?' என்று கேட்கும் முயலை நான் இன்னும் பார்க்கவில்லை. ஐந்து வயதில், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் படித்தாலும் பிள்ளை ஏற்றுக்கொள்கிறது. கதைக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது என்று அதற்குள் அதற்குப் பிடிபட்டுவிடும்.

ஒன்றை மட்டும் எந்த வயதிலும் மாற்றாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு வரி இருக்கிறதே, முதல்நாள் எப்படிச் சொன்னீர்களோ அப்படியே கடைசிவரை சொல்ல வேண்டும். ஒருநாள் அவசரத்தில் அரை வரியை விழுங்கினேன். "தப்பு!" என்று புத்தகத்தை மூடிவிட்டாள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. படிப்பவர் தன் வழக்கில் மாற்றிச் சொல்லப் பழகிவிட்டால் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே தமிழில் சொல்லலாம். முதல்நாள் இரவு ஒருமுறை தனியாகப் புரட்டி, தடுமாறும் இடத்துக்குச் சொல் தேடி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நூலகப் புத்தகங்கள் எல்லாவற்றையும் நான் இப்படித்தான் ஓட்டினேன்.

டர்பன் பிள்ளையும் சென்னைப் படமும்

சென்னையில் அச்சாகும் புத்தகத்தில் வரும் உலகம் வேறு. அதைக் குறையாக நினைக்காமல் பேச்சுக்குக் கிடைத்த வாய்ப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஒரு படத்தில் சரக்கு ஏற்றும் சின்ன வண்டியைப் பார்த்து "பக்கி!" என்று கத்தினாள். இந்த ஊரில் அந்த வண்டிக்கு அதுதான் பெயர். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் பக்கம் பக்கி என்றால் திட்டு. அதேபோல் இங்கே போக்குவரத்து விளக்குக்கு 'ரோபோ' என்று பெயர். ஒரு தமிழ்க் கதையில் நிஜ ரோபோ வந்தபோது, அது ஏன் சாலையில் நிற்கவில்லை, சிவப்பு எங்கே, பச்சை எங்கே என்று கேள்விமேல் கேள்வி. நான் விடை சொல்லி முடிக்கையில் கதை எங்கே நின்றது என்பதே மறந்துவிட்டது.

பிறை நிலா விஷயம் எனக்கே அவள் சொல்லித்தான் தெரிந்தது. படத்தில் மாலைப் பிறை வலப்பக்கம் வளைந்திருந்தது. "நிலாவைத் திருப்பிப் போட்டுட்டாங்க" என்றாள். வெளியே போய்ப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பூமியின் தென்பாதியில் இருக்கிற நமக்கு வளர்பிறை இடப்பக்கம் ஒளிர்கிறது. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தில் நிலா வந்தாலும் இருவரும் ஜன்னலுக்கு ஓடுகிறோம்.

மைனா வரும் கதைகள் இங்கே நன்றாக எடுபடும். அதுவும் இந்தியாவிலிருந்து வந்து இங்கே குடியேறியதுதான், குப்பைத்தொட்டி மேல் தினமும் பார்க்கிறோம். காலையில் கத்தி ஊரைக் கூட்டும் ஹாடீடா பறவைக்குத் தமிழ்ப் படக்கதையில் இடமில்லை, பரவாயில்லை, காக்காவுக்குப் பதிலாக அதன் குரலைப் போட்டுக்கொள்ளலாம். பனிமனிதன் வரும் ஆங்கிலப் புத்தகங்களில் டிசம்பர் என்றால் குளிர். நம் டிசம்பரில் மின்விசிறி ஓடினாலும் வியர்க்கிறது. பனி பார்க்க டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் ஜூலையில் போன அனுபவம் இருந்தால் அதை இழுத்துப் பேசுங்கள். மொத்தத்தில், அலமாரியில் பாதி நம் ஊரைக் காட்டுவதாகவும் பாதி வேறு ஊரைக் காட்டுவதாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்

புதுப் புத்தகம் இங்கே விலை அதிகம். புத்தகத்துக்கும் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி உண்டு. கெட்டி அட்டை போட்ட வெளிநாட்டுப் படப் புத்தகம் 300 ராண்டைத் தாண்டிவிடும். அதனால் வாங்குவது கடைசி வழியாக இருக்கட்டும்.

முதலில் உங்கள் பேட்டை நகராட்சி நூலகத்துக்குப் போய்ப் பெயர் எழுதுங்கள். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பிள்ளை பெயரிலும் ஓர் அட்டை போட்டுவிடுங்கள், தன் புத்தகத்தைத் தானே நீட்டி முத்திரை வாங்குவதில் அதற்கு ஒரு கெத்து. வாரம் நான்கைந்து எடுத்துவந்தால் அதில் ஒன்றுதான் தேறும். அந்த ஒன்றை வேண்டுமானால் வாங்குங்கள். தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் அமைப்புகள் நடத்தும் பழைய பொருள் கடைகள், பள்ளிச் சந்தைகள் இவற்றிலும் நல்ல படப் புத்தகங்கள் மலிவாக அகப்படும். பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு வாங்குங்கள். முடிவு தெரியாத ஒரு கரடிக் கதை எங்கள் வீட்டில் இருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பதிலேயே தரமானது கேப் டவுனில் 2014இல் தொடங்கிய 'புக் டேஷ்'. எழுதுபவர், வரைபவர், வடிவமைப்பவர் என்று தன்னார்வலர்கள் ஒன்றுகூடி 12 மணி நேரத்தில் ஒரு படப் புத்தகத்தை முடித்துவிடுகிறார்கள். ஐந்து வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக 100 புத்தகம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். இந்த நாட்டுத் தெருவும் வீடும் நிறமும் அவற்றில் இருக்கின்றன. யாரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், தமிழில் பெயர்த்தும் போட்டுக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். இவர்கள் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், இந்த நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்குப் படித்ததன் பொருள் பிடிபடவில்லை. பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கும் பெற்றோரிடம் நான் இந்த எண்ணைச் சொல்வதுண்டு.

'நாலிபாலி' என்ற அமைப்பையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோசா மொழியில் அந்தச் சொல்லுக்கு 'இதோ கதை' என்று பொருள். பிப்ரவரியில் வரும் உலக வாய்விட்டு வாசிக்கும் நாளுக்காக ஒரு புதுக் கதையை நாட்டின் ஆட்சிமொழிகளில் வெளியிடுகிறார்கள். தமிழ் ஆட்சிமொழி இல்லை. ஆனால் அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சட்டத்தில் இடம் கிடைத்த மொழிக்கு மடியில் இடம் கொடுப்பது நம் வேலை என்று, அந்தக் கதையை வகுப்பில் நானே தமிழில் சொல்லிவிடுகிறேன். கிரெஷில் (குழந்தைக் காப்பகத்தில்) சூலு மொழியில் அதே கதையைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளை, "இது எனக்குத் தெரியுமே" என்று கண்ணை விரிக்கும்.

தமிழ் எழுத்தோடு வேண்டுமென்றால், இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளம் இருக்கிறது. தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, காசு இல்லை. நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவை பிள்ளை தானே படிப்பதற்கான நிலைகள் என்பதை மறக்காதீர்கள். நீங்கள் படித்துக் காட்டுவதற்கு ஒரு நிலை மேலே போகலாம். கைபேசித் திரையில் காட்டுவதை நான் விரும்புவதில்லை. பிள்ளையின் விரல் கதையைத் தள்ளிவிட்டு அடுத்த எதற்கோ போய்விடுகிறது. ஏ4 தாளில் அச்செடுத்து ஞெகிழி உறையில் போட்டுக் கோப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால் சென்னையில் துளிகா வெளியிடும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்களைக் கேளுங்கள். எழுத்துக்கூட்டும் அப்பாக்களுக்கு அவை கைகொடுக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் மெல்லியவை, விலை குறைந்தவை, பெட்டியில் எடை ஏறாது. ஊறுகாய்க்கும் இடம் இருக்கும்.

மடியில் வைத்த பிறகு

இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், முடிந்தவரை ஒரே நேரத்தில். 2023இல் தினமும் லோட் ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) வந்தபோது எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைந்தவுடன் டார்ச் விளக்கில் கதை என்று ஒரு பழக்கம் ஆகிவிட்டது. மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கியும் மகள் விளக்கை அணைக்கச் சொல்வாள்.

அட்டைப் படத்தைக் காட்டி, "இவன் எங்கே போறான்னு நினைக்கிறே?" என்று ஒரு கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இது எனக்கு இன்னும் கஷ்டம். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்தாதீர்கள். அது 'பேர்ட் ஃபெல்' என்றால், "ஆமா, குருவி தொப்புனு விழுந்துடுச்சு, பாவம்" என்று தமிழில் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி கேட்டுத் தேர்வு நடத்தவும் வேண்டாம். நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும், நீங்கள் படித்துக்கொண்டே இருங்கள். காது இங்கேதான் இருக்கும்.

ஒரே புத்தகத்தை 40ஆவது தடவை நீட்டும்போது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் எடுத்துப் படியுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2011இல் வந்தது. ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள், அதே புதுச்சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். தமிழ் கொஞ்சமாகவே காதில் விழும் வீட்டுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. பத்துப் புத்தகம் இருந்தால் போதும், அந்தப் பத்தையும் தேய்த்துத் தீர்க்கலாம்.

தேயும்போது கிழியும். சமையல்கட்டு இழுப்பறையில் அகலமான ஒட்டுநாடா ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். கிழித்த பிள்ளையையே ஒட்டச் சொல்லுங்கள், கோணலாகத்தான் ஒட்டும். எங்கள் வீட்டு யானைக்குத் தும்பிக்கை இப்போது காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயா அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்.